சிவப்பு நூல் கட்டிய சட்டி

முன்பெல்லாம் எங்கள் கல்யாண வீட்டு வாசலில் சர்பத் கொடுப்பார்கள். இப்போது சூப்பு கொடுக்கிறார்கள். போன மாதம் சென்னையில் சாராவின் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் ஒரே மாதிரி சேலை கட்டிய இரண்டு பெண்கள் காகிதக் கோப்பையில் சூப்பை ஊற்றி, மேலே நாலு வறுத்த ரொட்டித் துண்டைத் தூவி, வருகிறவர் கையிலெல்லாம் திணித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கவில்லை. நேரே முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. சாரா மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, அந்தக் கனத்த பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, தானே போய் ஒரு கோப்பை வாங்கிவந்து நீட்டினாள்.

"பெரியம்மா, குடிங்க. இது வெஜ் சூப். ஐ செக்ட்."

டாக்டர் என்னைக் கறி தொடக்கூடாது என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அது அவளுக்குத் தெரியும். அதனால் விசாரித்துக் கொண்டுவந்தாள். வேறு எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால், நியூஜெர்சியில் ஒரு மேட்டின் உச்சியில், முழங்கால் பனிக்குள் நின்றுகொண்டு இந்தப் பிள்ளையை நான் பொய்க்காரி ஆக்கினேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் சொல்லுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், தமிழையே எழுத்துக்கூட்டி எழுதுகிறவள். அவசரக்காரர்கள் சூப்பைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

சாரா என் தங்கை மகன் நிஜாமுதீனின் மகள். தங்கை இவனை ஐந்து வயதில் விட்டுவிட்டு மௌத்தாகிப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றித்தான் இவனை வளர்த்தேன். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, இப்படியே இவனை இன்ஜினியர் ஆக்கினேன். இதைச் சொன்னால் அவன் பெண்டாட்டி ஷமீமா, "பெரியம்மா மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டாங்க" என்று சிரிப்பாள். சென்னைப் பெண், கெட்டவள் இல்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அவன் வாப்பாவா? மறு கல்யாணம் முடித்துக்கொண்டு மலேசியா போனவர் போனவர்தான். நிஜாம் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவன் மகளும் பெரியம்மா என்றே கூப்பிட்டாள். நானும் திருத்தவில்லை. கிழவி என்கிற முறையில் கூப்பிடுவதைவிட இது காதுக்கு நன்றாக இருந்தது.

நான் போனது இரண்டாயிரத்து இரண்டு முடிகிற நேரம். ஊர் வெஸ்ட் வின்ட்சர். நிஜாம் விடியுமுன் ஸ்டேஷனுக்குப் போய் நியூயார்க் ரயிலைப் பிடித்தால், திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஷமீமாவுக்கும் வேலை. சாராவுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வருகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். விமான டிக்கெட்டோடு அவன் அனுப்பிய கடிதத்தில் "நீங்க வந்து ரெஸ்ட் எடுங்க" என்று எழுதியிருந்தது. ரெஸ்ட் எடுக்கத்தான் போனேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனேன். சமைக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியாதா என்ன.

போய் இறங்கிய அன்றைக்கே நிஜாம் சொன்னான். "பெரியம்மா, தனியா வெளிய போக வேணாம். நிலைமை சரியில்ல. முக்காட்டப் பாத்தா சில பேரு ஒரு மாதிரி பேசுறாங்க." நியூயார்க்கில் அந்த இரண்டு கோபுரமும் விழுந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவனே தாடியை எடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஜுமுஆத் தொழுகைக்குப் போகும்போது தொப்பியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போவான். எங்கள் தெருவில் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சைக்கிளில் பறந்த பிள்ளை. நான் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பனி விழுந்ததை அந்த ஜன்னலில்தான் பார்த்தேன். எல்லாரும் பஞ்சு மாதிரி என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரோ மேலே உட்கார்ந்து சாம்பலை உதறுகிற மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. மழை என்றால் ஓட்டில் விழுந்து தன் வரவைச் சொல்லும். இது சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசற்படியை மூடிவிட்டது. அந்த வெள்ளைக்குள் இரண்டு கறுப்பு பூட்ஸ் நடந்து வந்து நம் கதவைத் தட்டினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அப்படி வந்தவர்தான் செண்பகம் டீச்சர்.

இரண்டு வீடு தள்ளி மகள் வீட்டுக்கு வந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, நெற்றியில் திருநீறு. "மேலப்பாளையத்து ஆளு வந்திருக்குன்னு எம்மவ சொன்னா. நான் பாளையங்கோட்டை. இங்க கெடந்து தமிழ் கேக்காம காது அடைச்சுப் போச்சு, எக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். என்னைவிட ஒரு வயது சின்னவர். நான் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். படித்தவர்களுக்கு அந்த மரியாதை கொடுக்க எனக்குத் தெரியும். ஊரில் பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம்தான். அந்தத் தூரத்தை ஐம்பது வருஷமாக அவரும் தாண்டியதில்லை, நானும் தாண்டியதில்லை. அவர் சைவப் பிள்ளைமார். முட்டைகூடச் சேராத வீடு. ஊரில் என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருப்பாரா? நான்தான் கொடுத்திருப்பேனா? பத்தாயிரம் மைல் பறந்துபோய்தான் ஒரு பஸ் தூரம் கடந்தோம்.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா கிறுக்குப் புடிச்சிரும். வாங்க, வெளிய போய்ட்டு வருவோம்."

"நிஜாமு போவக்கூடாதுன்னிருக்கான் டீச்சர். முக்காட்டப் பாத்து யாராவது ஏதாவது சொல்லுவாகளாம்."

"யாரு என்ன சொல்லிருவா? நான் கூட வாரேம்லா. நாப்பது பிள்ளையள ஒத்தப் பெரம்போட மேச்சவ நானு."

அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் அந்தக் குளிர்காலம் முழுக்க விடவில்லை. எனக்குக் கோட்டு இல்லை. ஷமீமா சாராவை உண்டாகியிருந்தபோது வாங்கிய கோட்டு ஒன்று கிடந்தது. அது எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. என் இடுப்பைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. சேலைக்கு உள்ளே நிஜாமின் பழைய கம்பளிக் கால்சட்டை, அதற்கு மேல் பூட்ஸ். இரண்டு பேரும் வழுக்கிவிடாமல் இருக்க வாத்து மாதிரிக் காலை அகட்டி வைத்து நடப்போம். ஒருநாள் காரில் போன ஒருவன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து எதையோ கத்தினான். எனக்கு விளங்கவில்லை. டீச்சருக்கு விளங்கியது. நின்று, பள்ளிக்கூடத்துக் குரலில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னார். கார் போய்விட்டது. "என்ன சொன்னான் டீச்சர்?" என்று கேட்டேன். "வழி கேட்டான்க்கா. போற வழிய நான் சொல்லிட்டேன்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. சனி ஞாயிறுகளில் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு அங்கே சேரும். தாம்பாளம் மாதிரி பிளாஸ்டிக் தட்டுகள். அதில் உட்கார்ந்து உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு கீழே போவார்கள். பிள்ளைகள் கூச்சல் போடும், அப்பன்மார் அதைவிடக் கூச்சல் போடுவார்கள். ஒருநாள் சாரா, "பெரியம்மா, யூ ட்ரை!" என்று தட்டை என் முன்னால் போட்டாள். டீச்சர் சட்டென்று பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "அல்லா!" என்று நான் கத்த, "முருகா!" என்று அவர் கத்த, இரண்டு பேரும் ஒரே தட்டில் போய் அடிவாரத்துப் புதருக்குள் விழுந்தோம். எழுந்திருக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீர் கன்னத்தில் விறைத்துப்போனது. என் ஆயுளில் நான் விளையாடிய ஒரே விளையாட்டு அதுதான். மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடின வயதில் நான் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

விளையாடினால் பசிக்கும். அந்தக் குளிரில் பசி வயிற்றில் இல்லை, எலும்பில் இருக்கும். மற்றவர்கள் சிப்ஸும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். நான் ஒரு வாரம் பெரிய பிளாஸ்கில் எங்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். நோன்பு முடிந்துவிட்டது, இருந்தாலும் குளிருக்கு அதைவிட என்ன இருக்கிறது? நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் கொத்துக்கறியும் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, கடைசியில் புதினா. இறைச்சி ஷமீமா பார்த்துப் பார்த்து ஹலால் கடையில் வாங்குவது. பிளாஸ்கைத் திறந்ததும் மேடே என் பக்கம் திரும்பியது. "ஆன்ட்டி, வாட் எ சூப்!" என்று ஆளாளுக்குக் கோப்பை நீட்டினார்கள். டீச்சர் மட்டும் கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாளே ஷமீமாவோடு போய் ஒரு புதுச் சட்டியும் ஒரு புது அகப்பையும் வாங்கினேன். சட்டியின் காதில் சிவப்பு நூல் கட்டினேன். அதில் கறி ஏறாது, கறி ஏறின கரண்டி படாது என்று டீச்சர் முன்னால் வைத்தே சொன்னேன். அவர் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். "எக்கா, எனக்காக எங்க அம்மைக்கு அப்புறம் யாரும் தனிச் சட்டி வச்சதில்ல" என்றார். அந்த வார்த்தை அன்றைக்குத் தித்தித்தது.

அங்கேதான் சங்கடம் தொடங்கியது. கறி இல்லாமல் கஞ்சி எடுபடவில்லை. எவ்வளவு வெந்தயம் வறுத்தாலும் மருந்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. அங்கே காயும் பார்க்கத்தான் பளபளப்பு, வெந்தால் வைக்கோல். டீச்சர் முதல் தடவை குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அது பிள்ளை பெயிலாகும்போது டீச்சர் சொல்லுகிற "நல்லாருக்கு." எனக்குத் தெரியாதா? என் கைப்பக்குவத்தை ஊரில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கடைப்பொடி போட்டுச் சமைக்கிறவளைக் கண்டால் நானே நாலு பேச்சுப் பேசுவேன்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா அவர்கள் பண்டிகைக்கு ஒரு கூடை வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி. எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளுவார். கூடையில் இரண்டு கோப்பை, காய்ந்த பட்டாணி, பிஸ்கட், ஒரு தகர டப்பா. ஷமீமா, "லேபிள் பாக்கணும் பெரியம்மா. நமக்கு ஆகாதது இருக்கும். நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பிரிட்ஜுக்கு மேல் தூக்கி வைத்தாள். வைத்தவள் மறந்துவிட்டாள்.

அந்த டப்பாவின் மேல் பனி மூடிய ஒரு வீடு, புகை போகிற சிவப்புச் சட்டி, பக்கத்தில் கேரட், வெங்காயம், ஏதோ கீரைத் தண்டு. மாடு இல்லை, ஆடு இல்லை, கோழி இல்லை. உள்ளே தங்கத்தாளில் சுற்றிய சின்னச் சின்னக் கட்டிகள். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது இரண்டு கட்டியைச் சிவப்பு நூல் சட்டியில் போட்டேன். கரைந்தது. ஆவி எழுந்தது. அந்த ஆவி முகத்தில் பட்டபோது கை ஒரு நொடி நின்றது. பிறகு அகப்பையில் எடுத்து ருசி பார்த்தேன். வந்துவிட்டது. நான் தேடின ருசி முழுசாக வந்துவிட்டது.

தங்கத்தாளைக் குப்பையில் போடவில்லை. சுருக்குப்பைக்குள் வைத்து முடிந்துகொண்டேன். மேட்டில் குடித்துப் பார்த்த மூன்று பெண்கள் பக்குவம் கேட்டார்கள். "வெந்தயத்தக் கருக விடாம வறுக்கணும், அம்புட்டுதான்" என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். டீச்சர் பிளாஸ்க் மூடியில் இரண்டு மூடி குடித்துவிட்டு மூன்றாவதற்கு நீட்டினார். "எக்கா, இது கஞ்சியில்ல, அமிர்தம்." வாரா வாரம் சுருக்குப்பையில் தங்கத்தாள் கூடிக்கொண்டு போனது.

ஒருநாள் நடந்து போகும்போது டீச்சர் ஒரு குச்சியை எடுத்துப் பனியில் கோடு போட்டார். "இது ஏ. இது பி. தெனம் ரெண்டு எழுத்து சொல்லித் தாரேன். ஊருக்குத் திரும்புறதுக்குள்ள போர்டு வாசிச்சிருவிய." எனக்குச் சுருக்கென்றது. படிக்காதவள் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாகப் பட்டது. "இந்த வயசுல எனக்கு எதுக்கு டீச்சர்? வாசிச்சா மட்டும் கஞ்சி ருசிக்குமா?" என்று பூட்ஸால் அந்த எழுத்துகளை அழித்துவிட்டு நடந்தேன். அவர் சிரித்துக்கொண்டு குச்சியைத் தூர எறிந்தார். அந்த இரண்டு எழுத்தை நின்று பார்த்திருந்தால் போதும். இரண்டாவது எழுத்து ஒன்றே போதும்.

கடைசிப் பனி பெரிய பனி. இரண்டு நாள் பள்ளி இல்லை, ரயில் இல்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. கண் கூசுகிற வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில். எல்லாரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் இரண்டு சட்டியும் காய்ச்சி இரண்டு பிளாஸ்க் கொண்டுபோனேன். பிள்ளைகள் பனியில் ஒரு ஆள் செய்தார்கள். கேரட் மூக்கு, கூழாங்கல் கண், யாரோ ஒரு அப்பனின் கழுத்துத் துணி. நெஞ்சில் மேலிருந்து கீழாக ஐந்து பொத்தான். வெயிலில் தகதகவென்று மின்னியது.

தங்கத்தாள் பொத்தான்.

நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அந்தக் கட்டி டப்பாவைச் சாரா எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் வீட்டில் எது?

டீச்சர் மூன்றாவது மூடிச் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு பனி ஆளைப் பார்க்கப் போனார். "ஆத்தி, பொத்தானப் பாத்தியளா, தங்கமால்லா இருக்கு!" என்று குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு பொத்தானைப் பிய்த்து எடுத்தார்.

"சாரா, இது எங்க உள்ளது?"

"அவர் ஹவுஸ். பெரியம்மா'ஸ் சீக்ரெட்" என்றாள் சாரா, பெருமையாக. "ஷி புட்ஸ் இட் இன் யுவர் சூப், ஆன்ட்டி. தட்ஸ் ஒய் இட்ஸ் ஸோ யம்மி."

"இதுல பீஃப்னு போட்டிருக்கு" என்றார் டீச்சர். யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு வரியை வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஷமீமா கையில் தட்டோடு பாதி மேட்டில் நின்றாள். அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, டப்பாவில் காய்ப் படம் இருந்தது.' இரண்டே வரி. வாயில் வந்தது வேறு ஒன்று.

"சின்னப்புள்ள என்னமோ உளறுது. நான் ஒண்ணும் போடல. அது பொய் சொல்லுது."

சாரா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. எழுதவும் வராது. அவளுக்குத் தமிழ் விளங்கும். பொய் என்ற வார்த்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

டீச்சர் மூடியைப் பனியில் கவிழ்த்தார். வெள்ளையில் பழுப்பாக ஒரு குழி விழுந்தது. பிறகு குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளி வாயில் போட்டுக் கொப்புளித்துத் துப்பினார். மறுபடி அள்ளினார். மறுபடி துப்பினார். உதடு நீலம் பாரித்துவிட்டது. அவர் மகள் ஓடிவந்து, "அம்மா, போதும்மா, போதும்மா" என்று கையைப் பிடித்தாள். பின்னால் ஒரு பெண் குரல், "இவங்க வீட்ல எதுக்குச் சாப்பிடணும்? அப்பவே சொன்னேன்" என்றது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் என் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி.

போகும்போது டீச்சர் என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

"எங்கிட்ட காட்டிருந்தா வாசிச்சுச் சொல்லிருப்பேம்லா, எக்கா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டில் போன் ஓயவில்லை. ஷமீமா ஒவ்வொருவரிடமும் "இன்டென்ஷனலா பண்ணல, ப்ளீஸ்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிஜாம் சோபாவில் உட்கார்ந்து கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டு, "ஏற்கனவே நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க பெரியம்மா. நீங்களும் இப்படிப் பண்ணா நாங்க எப்படித் தலை காட்டுறது?" என்றான். நான் சுற்றின பீடியில் படித்தவன். டீச்சர் மூன்று நாள் பட்டினி கிடந்ததாகவும், கோயிலுக்குப் போய் வந்ததாகவும் சொன்னார்கள். ஊரே அவரைப் போய் விசாரித்தது. விசாரிக்கட்டும். ஆனால் அந்தச் சட்டியில் நானும்தான் ருசி பார்த்தேன். வாரா வாரம் பார்த்தேன். ஓதி அறுக்காத இறைச்சி எனக்கும் ஹராம்தான். என் வாயை யாரும் கேட்கவில்லை. நிஜாம்கூடக் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன், நோன்பு வைத்தேன். அது எனக்கும் படைத்தவனுக்கும் இடையில் இருக்கட்டும்.

சாராவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் நான் எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் இருந்தேன். பிறகு ஒரு மாதம். பிறகு விசா முடிந்தது. அந்த ஒரு மாதமும் அவள் பள்ளி விட்டு வந்து என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு, "ஓகே," "ஃபைன்." அதற்கு முன்னால் பாதித் தமிழாவது பேசுவாள். டீச்சர் எனக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். போகிற காலையில் ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கார் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அவர் தலையைத் திருப்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயம் இல்லை. குல்லா போட்டிருந்தார்.

ஊருக்கு வந்தபிறகு ஒரு தடவை பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். அவர் தெருவும் தெரியும், வீட்டு அடையாளமும் அவரே சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு சோடா குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இப்போது எதுவும் இல்லை. நிஜாம் வேலை மாறி டெக்ஸஸில் பிளானோவுக்குப் போய்விட்டான். அங்கே பனி இல்லை, மேடும் இல்லை. எங்கே பார்த்தாலும் தரை தட்டையாகக் கிடக்கிறது என்று ஷமீமா போனில் சொல்லுவாள். வீடு மாறும்போது சிவப்பு நூல் சட்டியை வாசலில் வைத்து விற்ற சாமான்களோடு போட்டுவிட்டார்களாம். நூலோடு போனதா, அவிழ்த்துவிட்டுக் கொடுத்தார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நாங்கள் சறுக்கின மேட்டை வெட்டிச் சமமாக்கி வீடு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா இல்லை. செண்பகம் டீச்சர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் கேள்விப்பட்டதே நாற்பது நாள் கழித்துத்தான். கேட்க வேண்டிய மன்னிப்பில் ஒன்றுக்கு ஆளே இல்லை. இன்னொன்றுக்கு ஆள் மணப்பெண்ணாக எதிரே நின்றது. கையில் சூப்புக் கோப்பையோடு.

"சூடா இருக்கும்போதே குடிங்க, பெரியம்மா."

வாங்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். மருதாணி இன்னும் கறுக்காத கை. "என்ன பெரியம்மா?" என்றாள். தமிழில் கேட்டாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

படம் பார்த்து ஏமாந்தேன், எழுத்துத் தெரியாமல் செய்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில், சாரா நாலு நாற்காலி தள்ளி வரும்போதே, அவள் வாயைத் திறந்து சொல்வதற்கு முன்னாலேயே, அந்தக் கோப்பையில் இருப்பது சைவம் என்று என் மூக்கு சொல்லிவிட்டது. ஐம்பது வருஷம் கறி வெந்த அடுப்படியில் நின்ற மூக்கு. அது அந்தக் குளிர்காலத்திலும் என் முகத்தில்தான் இருந்தது.